எஸ்தரைப் பற்றி எழுதுவது இது இரண்டாம் முறை

ஏழுமலையின் அழைப்பு வந்தபோது நான் வீட்டு வேலையாகத் திருவள்ளூரில் ஓர் அலுவலக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நான்கே பேர். ஏழுமலை போன் செய்தால் "சார், நாஷ்டா ஆச்சா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். அன்று தொடங்கவில்லை. "சார், எஸ்தர் மேடம் காலைல தவறிட்டாங்க சார்" என்றார். நான் வரிசையை விட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். பின்னால் நின்றவர், "பெரியவரே, உங்க இடம் போயிடும்" என்று எச்சரித்தார். போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

எஸ்தருக்குப் புற்றுநோய் என்பது நான்கு மாதங்களாக எனக்குத் தெரியும். போய்ப் பார்க்க வேண்டும் என்று நான்கு மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன். மழை என்றேன், மூட்டுவலி என்றேன், பேரன் பிறந்தநாள் என்றேன். வெளியூர்க்காரன் என்றால் சரி. நான் இருப்பது திருவள்ளூரில், அவர் இருந்தது வள்ளூரில். ஒரு மாவட்டத்துக்குள்ளேயே கிடந்துகொண்டு போகாமல் இருந்ததற்குக் காரணம் மூட்டுவலி இல்லை. அது என்ன என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வெளியே வரும்போது ஏழுமலை என் கையைப் பிடித்துக்கொண்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை பழைய ஆட்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு நினைவுக்கூட்டம் வைக்கிறார்கள், அதில் வாசிக்க நான் ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டும் என்றார். "நம்ம ஷாப்லயே நீங்கதான் சார் நல்லா எழுதுவீங்க" என்று வேறு சொன்னார். அவர் கள்ளம் இல்லாமல்தான் சொன்னார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, எனக்கு அந்த வார்த்தை முள்ளாய்க் குத்தியது.

கூட்டத்துக்கு வரும் இளையவர்கள் சிலருக்கு என்னைத் தெரியாது. நான் சண்முகம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நம் தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் முதலில் தொழிலாளியாகவும் பிறகு ஷிப்ட் இன்சார்ஜாகவும் இருந்து ஓய்வு பெற்றவன். தகட்டை அச்சின்மேல் வைத்தால் மேலிருந்து டன் கணக்கில் எடை இறங்கி அழுத்தும். வண்டிக்கான பாகம் வெளியே வரும். அதுதான் எங்கள் வேலை. சத்தம் அதிகம், ஆகவே என் குரலும் அதிகம். கோபமும் அதிகம் என்று சொல்பவர்கள் உண்டு, அதை மறுப்பதற்கில்லை.

எஸ்தர் எங்கள் தொழிற்சாலைக்கு வந்தது ஒப்பந்த ஊழியராக. கம்ப்யூட்டர் பிரிவு என்று பெயர்ப்பலகை இருந்தது. அந்தப் பிரிவில் இருந்தது அவர் ஒருவர்தான். அவருடைய அப்பா வள்ளூரில் கூலி வேலை செய்து படிக்க வைத்தவர். கணவர் தானியேல் காட்டுப்பள்ளிப் பக்கம் வெல்டராக இருக்கிறார். தினமும் அத்திப்பட்டு புதுநகரில் ரயிலேறி கும்மிடிப்பூண்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் வந்து, எங்களுக்கு முன்னால் பஞ்ச் அடித்திருப்பார். ஒருநாளும் ரயிலைக் குறைசொல்லித் தாமதமாக வந்ததில்லை.

அந்த வருடம்தான் ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் ஒரு கம்ப்யூட்டர் வைத்தார்கள். அதுவரை நோட்டில் எழுதிய உற்பத்திக் கணக்கை இனிமேல் அதில்தான் பதிய வேண்டும் என்றார்கள். ஷாப்பில் பயம் பரவிவிட்டது. கம்ப்யூட்டர் வந்தால் ஆள் எதற்கு என்ற பயம். ஆளுக்கு ஒன்று பேசினார்கள். நிர்வாகம் எஸ்தரை அழைத்து, சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு அரைமணி நேரம் தொழிலாளிகளுக்கு மென்பொருள் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்கச் சொன்னது. சோறு தின்ற கையோடு, கண்ணைச் சொக்கிக்கொண்டு வரும் ஐம்பது ஆண்களுக்குப் பாடம் எடுப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று பாருங்கள். நான் கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்தேன், குறை கண்டுபிடிப்பதற்காக.

அவர் புத்தகத்தைத் தொடவே இல்லை. கீபோர்டைக் கையில் தூக்கிக் காட்டி, "தொட்டா கைக்குத் தெரியுதா, இது ஹார்டுவேர். இத்த மட்டும் வெச்சிக்கினு ஒண்ணும் பண்ண முடியாது. இது இன்னா செய்யணும், எப்ப செய்யணும், எந்த வரிசைல செய்யணும்னு எழுதி வெச்சிருக்கற கட்டளைங்க இருக்குது பாருங்க, அதுதான் சாஃப்ட்வேர்" என்றார். பிறகு பலகையில் மூன்று கோடு போட்டு மூன்று வகை என்று எழுதினார்.

முதல் வகை, கம்ப்யூட்டரை இயக்குவதற்கென்றே இருக்கும் மென்பொருள். சிஸ்டம் சாஃப்ட்வேர். அதில் தலையானது ஆபரேட்டிங் சிஸ்டம் என்று சொல்லிவிட்டு, அறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் கண் என்மேல் வந்து நின்றது. "நம்ம சண்முகம் சார் மாதிரின்னு வெச்சுக்கோங்க. அவரு ஒரு பார்ட்டு கூட அடிக்க மாட்டாரு. ஆனா அவரு இல்லன்னா யாருக்கு எந்த மெஷினு, எந்தத் தகடு, யாரு முன்னாடி, யாரு பின்னாடின்னு தெரியாம எல்லாரும் வாசல்லயே நிப்பீங்க" என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. மறுநாளிலிருந்து ஷாப்பில் எனக்கு ஓ.எஸ். என்று பெயர். அவர் சொன்னதில் பாதி கேலி, பாதி பாராட்டு. எனக்குக் கேட்டது அந்தச் சிரிப்பு மட்டும்தான். அன்றைக்கு மனதில் விழுந்த கீறலை நான் ஆறவிடவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அந்த முதல் வகையிலேயே, பிரிண்டர் மாதிரியான கருவிகளோடு கம்ப்யூட்டரைப் பேசவைக்கும் டிரைவர்களும் வைரஸ் தடுக்கும், கோப்புகளுக்கு நகல் எடுத்துவைக்கும் சின்னச் சின்ன மென்பொருள்களும் சேரும் என்றார். கூட்டிப் பெருக்குவது போன்ற வேலை அது, நடக்கும்வரை யார் கண்ணுக்கும் படாது என்றார். இரண்டாவது வகை, நம் வேலைக்காக நாம் பயன்படுத்துவது. அப்ளிகேஷன். கடிதம் அடிப்பது, வருகைப்பதிவு, உற்பத்திக் கணக்கு, செல்போனில் ரயில் டிக்கெட் எடுப்பது, பாட்டுக் கேட்பது எல்லாம் இதில்தான். அப்போது ஒருவர், "அப்ப எம் பொண்டாட்டி நாள் பூரா பாக்கற வீடியோவும் சாஃப்ட்வேருதானா?" என்று கேட்டார். வீடியோ சாஃப்ட்வேர் இல்லை, அதை ஓட்டிக்காட்டுவதுதான் சாஃப்ட்வேர் என்று பொறுமையாகப் பதில் சொன்னார். மூன்றாவது வகைதான் எங்கள் ஆட்களுக்குச் சட்டென்று பிடித்துப்போனது. "நம்ம டூல் ரூம்ல இன்னா செய்யறாங்க? அச்சு செய்யறாங்க. அந்த அச்ச வெச்சு நீங்க பார்ட்டு அடிக்கிறீங்க. சாஃப்ட்வேர் செய்யறதுக்கும் அது மாதிரி ஒரு டூல் ரூம் இருக்குது. புரோகிராம் எழுதற மொழிங்க, எழுதினத மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்கறது, அது எல்லாம் மூணாவது வகை" என்றார்.

தூங்கிக்கொண்டிருந்தவர்கள் என்று நான் நினைத்தவர்களில் ஒருவர் கை தூக்கினார். ஏழுமலைதான். ஆரம்பாக்கத்துக்காரர், பேச்சில் பாதி தெலுங்கு வாடை அடிக்கும். பிரஸ்ஸுக்கு உள்ளேயே ஏதோ புரோகிராம் இருக்கிறதாமே, அதில் கீபோர்டும் இல்லை, திரையும் இல்லை, அது எந்த வகை என்று கேட்டார். எஸ்தரின் முகம் மலர்ந்ததை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. ஒரே ஒரு வேலைக்கென்று எழுதி இயந்திரத்துக்குள்ளேயே பதித்து வைத்தது அது, துணி துவைக்கும் மெஷினில் இருக்கிறது, லிஃப்டில் இருக்கிறது, உங்கள் பிரஸ்ஸிலும் இருக்கிறது என்று விளக்கினார். மற்றவை கோளாறானால் வேலைதான் நிற்கும், இது கோளாறானால் ஆளுக்கு ஆபத்து, அதனால் இதில் மட்டும் விளையாடக் கூடாது என்று முடித்தார். பயத்தோடு வந்தவர்கள் அன்று கேள்வி கேட்டுக்கொண்டே ஷாப்புக்குத் திரும்பினார்கள்.

என்னையும் அவர்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். ஐம்பது வயதைத் தாண்டியவன், மௌசைப் பிடித்தால் அம்பு திரையை விட்டு ஓடிவிடும். வகுப்பில் என்னைக் கேலி செய்ததற்குப் பரிகாரமாகவோ என்னவோ, தினமும் பத்து நிமிடம் வந்து நின்று தமிழில் தட்டச்சு செய்யச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு விரலால் நான் அடித்த முதல் கடிதம் என் மகளின் கல்யாணத்துக்கு விடுப்புக் கேட்டது. அதைப் படித்துவிட்டு, "சார், உங்க பேச்ச விட எழுத்து சாதுவா இருக்குது" என்றார்.

இனிமேல்தான் சொல்ல வேண்டியது வருகிறது.

அடுத்த வருடம் நான்கு பிரஸ்களில் புதிதாக ஒரு பாதுகாப்புக் கருவி பொருத்தினார்கள். இயந்திரத்தின் வாய்க்கு இரண்டு பக்கமும் இரண்டு மஞ்சள் தூண்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடிக்கொண்டே இருக்கும். நடுவே கை போனால் ஒளி மறையும், மறைந்த கணமே பிரஸ் நின்றுவிடும். தூணின் உள்பக்கத்துக் கண்ணாடியை ஆட்கள் 'கண்ணு' என்றே அழைத்தார்கள். நிற்கச் சொல்வது இயந்திரத்துக்குள் இருக்கும் புரோகிராம். அதைத் திறக்கும் கடவுச்சொல் எஸ்தரிடம் மட்டும்தான் இருந்தது.

ஆயுதபூஜை வந்தது. பிரஸ் ஷாப் பூஜை எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாழைக்கன்று, மாவிலை, பூசணிக்காய், பொரி, சுண்டல். எல்லா இயந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது மூத்தவன் என்ற முறையில் என் பொறுப்பு. எஸ்தர் ஜெபம் பண்ணுகிற குடும்பம்தான், ஆனால் பூஜைக்கு வராமல் இருக்க மாட்டார், பொரியை முந்தானையில் வாங்கிக்கொள்வார். அந்த வருடம் புதிய தூண்களுக்கும் பொட்டு வைத்தேன். புதிதாக வந்ததை வெறும் நெற்றியோடு விட மனம் வரவில்லை. மூன்று இயந்திரங்களில் சந்தனம் இரும்பில் விழுந்தது. மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில், வாழைக்கன்றுகளுக்கு இடையில் கையை விட்டு வைத்ததில், கண்ணாடிமேல் விழுந்தது. எனக்கு அது தெரியாது.

நம் ஷாப்பில் வைத்த பொட்டை யாரும் துடைப்பதில்லை. தானாக உதிரும்வரை இருக்கும், துடைத்தால் ஆகாது என்பது வழக்கம். விடுமுறை முடிந்து வந்த காலையில் மாவிலையையும் கன்றையும் எடுத்துப் போட்டோம், பொட்டுகளை விட்டுவிட்டோம். மூன்றாம் நம்பர் ஓட மறுத்தது. பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். எலக்ட்ரீஷியன் ஊரிலிருந்து இன்னும் திரும்பவில்லை. மதியத்துக்குள் லாரி ஏற்ற வேண்டும், அந்த அச்சு அந்தப் பிரஸ்ஸில்தான் பொருந்தும். பூஜைக்கு முந்தைய நாள் எஸ்தர் எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் உற்பத்திக் கணக்கு மென்பொருளின் புதுப் பதிப்பை ஏற்றியிருந்தார். பழிபோட அது போதாதா? "எல்லாம் அந்தம்மா புதுசா ஏத்துன சாஃப்ட்வேர் பண்ற வேலை" என்று நான்தான் முதலில் கத்தினேன்.

எஸ்தர் வந்தார். நான் கத்தக் கத்த, அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கம்ப்யூட்டர் சரியாக எழும்புகிறது, அப்படியானால் ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை. அதே கணக்கு மென்பொருள் மற்ற பிரஸ்களில் ஓடுகிறது, அப்படியானால் அப்ளிகேஷன் இல்லை. பிறகு லேப்டாப்பை இயந்திரத்தோடு இணைத்து, உள்ளே இருக்கும் புரோகிராமைத் தான் சேமித்து வைத்திருந்த நகலோடு வரிக்கு வரி ஒப்பிட்டார். ஓர் எழுத்துகூட மாறவில்லை. "சார், சாஃப்ட்வேர் சரியாத்தான் இருக்குது. கண்ணுக்கு எதுத்தாப்ல ஏதோ இருக்குதுன்னு அது சொல்லுது. இன்னா இருக்குதுன்னு நாமதான் பாக்கணும்" என்றார். நாங்கள் எல்லாரும் குனிந்து பார்த்தோம். கையில்லை, தகடில்லை, துணியில்லை. பொட்டு இருந்தது. பொட்டை நாங்கள் பொட்டாகவே பார்த்தோம். அது மறைக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்போதுதான் நான் அதைக் கேட்டேன். கண்ணைச் சரிபார்க்கும் அந்த வரியை மட்டும் புரோகிராமிலிருந்து எடுத்துவிடு, லாரி போனதும் திரும்பப் போட்டுக்கொள் என்றேன். முடியாது என்றார். ஒரு மணி நேரம்தான் என்றேன். முடியாது என்றார். ஐம்பது பேருக்கு முன்னால் எனக்கு முடியாது என்று சொன்னவர் அதற்கு முன் யாரும் இல்லை. என் குரல் எந்த உயரத்துக்குப் போனது என்பது அன்று அங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். அவர் லேப்டாப்பை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "அந்த ஒரு வரிய எடுத்துட்டா மெஷின் ஓடும் சார். யாரு கையி உள்ள இருந்தாலும் ஓடும்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. நான் நேராக என் அறைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எஸ்தர் சொல்லிக்கொடுத்த அதே இரண்டு விரல்களால், எஸ்தரைப் பற்றிப் புகார்க் கடிதம் அடித்தேன். சோதிக்காமல் புதிய மென்பொருளை ஏற்றியதால் உற்பத்தி நின்றது, கேட்ட உதவியைச் செய்ய மறுத்தார், ஒத்துழைக்கும் மனப்பான்மை இல்லை, பொறுப்பான வேலைக்கு ஏற்றவர் அல்லர். இப்படி ஒரு பக்கம். நல்லா எழுதுவீங்க என்று ஏழுமலை சொன்னாரே, அன்றும் நன்றாகத்தான் எழுதினேன். மனிதவளப் பிரிவுக்கும் ஆலைத் தலைவருக்கும் அனுப்பிவிட்டு வெளியே வந்தால், மூன்றாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது.

எஸ்தர் என்னை இயந்திரத்துக்குப் பின்பக்கம் வருமாறு சைகை செய்தார். தன் ஆள்காட்டி விரலைக் காட்டினார். நுனியில் காய்ந்த சந்தனம். கைக்குட்டையை நனைத்துத் துடைத்திருக்கிறார். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துத் துடைத்திருக்கிறார், பொட்டைத் துடைத்தாள் என்று ஆட்கள் மனம் சங்கடப்படக் கூடாதே என்று. அது யார் கை வைத்த பொட்டு என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "இது நமக்குள்ளயே இருக்கட்டும் சார். வெளிய சொன்னா அடுத்த வருசம் பூஜையே வேணாம்னுடுவாங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். கடிதம் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. திரும்ப நடந்துபோய், தவறாக எழுதிவிட்டேன் என்று இரண்டு வரி அடித்திருந்தால் முடிந்திருக்கும். சந்தனத்தால் பிரஸ்ஸை நிறுத்தியவன் என்று ஷாப்பே சிரிக்குமே என்று நினைத்தேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன்.

அந்த மாதம் ஒப்பந்த ஊழியர்கள் சிலரை நிரந்தரம் செய்தார்கள். பட்டியலில் எஸ்தர் பெயர் இல்லை. ஏன் என்று நீங்கள் எல்லாரும் கேட்டீர்கள், கேன்டீனில் வாரக்கணக்கில் பேசினீர்கள். சிலர் மதத்தைச் சொன்னீர்கள், சிலர் பெண் என்பதைச் சொன்னீர்கள். நானும் உங்களோடு உட்கார்ந்து உச்சுக்கொட்டினேன். காரணம் என் கடிதம்தான். அதற்குப் பிறகு பல வருடங்கள் அவர் ஒப்பந்த ஊழியராகவே இருந்து, ஒப்பந்த ஊழியராகவே நோய்வாய்ப்பட்டு வேலையை விட்டு நின்றார். நோயில் படுத்தபோது நிரந்தர ஊழியருக்கு உள்ள எந்த ஆதரவும் அவருக்கு இருக்கவில்லை.

அடுத்த ஆயுதபூஜைக்கு முன்னால் அவர் ஒவ்வொரு இயந்திரத்திலும் கண்ணை விட்டுத் தள்ளி ஓர் இடத்தில் சின்னதாய் வெள்ளை வட்டம் ஒன்று ஒட்டினார். பொட்டை இதில் வையுங்கள் சார் என்றார். இன்றும் அந்த வட்டங்கள் உங்கள் இயந்திரங்களில் இருக்கின்றன. எஸ்தர் மேடம் அழகுக்காக ஒட்டியது என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? என்னைக் காப்பாற்றுவதற்காக ஒட்டியது.

அந்த வட்டங்களுக்கு முன்பே, கடிதம் போன அடுத்த கோடையில் நடந்ததை ஏழுமலையே பலமுறை சொல்லியிருக்கிறார். மூன்றாம் நம்பரில் தகட்டுத் துண்டு ஒன்று சிக்கிக்கொண்டது. அவசரத்தில் கையை உள்ளே விட்டு இழுத்தார். அதற்கு ஒரு நொடி முன்னால்தான், துண்டு சிக்கியது தெரியாமல் பக்கத்தில் இருந்தவர் பொத்தானை அழுத்தியிருந்தார். மேலிருந்து இறங்கிய எடை ஏழுமலையின் கைக்கு மேலே நின்றது. புரோகிராம் நிறுத்திவிட்டது. ஏழுமலை கையை வெளியே எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தார். "நைனா, நைனா" என்று செத்துப்போன அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டே அழுதார். எஸ்தர் ஓடிவந்து அவர் பக்கத்தில் அந்த எண்ணெய்த் தரையிலேயே உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தார்.

நான் எடுக்கச் சொன்ன வரி அது. அன்று எடுத்திருந்தால் லாரி போனதும் திரும்பப் போட்டிருப்போமா? என்னை எனக்குத் தெரியும். அடுத்த லாரி, அடுத்த அவசரம் என்று போட்டிருக்கவே மாட்டோம். அன்று மாலை அவர் அறைக்குப் போனேன், சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் போனேன். கோப்புகளுக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தார். "இன்னா சார்?" என்று கேட்டு நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்காரச் சொன்னார். கை வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

என் பணி ஓய்வு விழாவிலும் ஒரு வாய்ப்பு வந்தது. எஸ்தர் என்னைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். சண்முகம் சார் கோபக்காரர், ஆனால் இந்த ஐந்தாறு வருடமாக இயந்திரத்தின் பக்கத்தில் யாரையும் அவர் அவசரப்படுத்தியதில்லை என்றார். அது உண்மை, ஏழுமலையின் அழுகைக்குப் பிறகு என்னால் முடியவில்லை. பேசி முடித்து ஒலிபெருக்கியை என் கையில் கொடுத்தவரும் அவர்தான். நான் ஆலைத் தலைவர் முதல் தோட்டக்காரர் வரை பெயர் சொல்லி நன்றி சொன்னேன். எஸ்தர் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பிறகு அவரை நான் உயிரோடு பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து ஐந்தாம் நாள் வள்ளூருக்குப் போனேன். தானியேல் தனியாக இருந்தார். சுவரில் எஸ்தரின் படம், அதன் கீழே திறந்துவைத்த வேதாகமம். அவர் டீ போட எழுந்தபோது வேண்டாம் என்று தடுத்து உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு, கடிதம், பட்டியல். அடிப்பார் என்றுகூட நினைத்தேன், அடித்திருக்கலாம்.

"தெரியும் சார்" என்றார் தானியேல். "அன்னிக்கே ஆபீஸ்ல கூப்ட்டு உங்க லெட்டர படிச்சுக் காட்டி, இதுக்கு இன்னா சொல்றன்னு கேட்டாங்களாம். ஊட்டுக்கு வந்து சொல்லிச்சு."

அப்படியானால் சந்தனத்தைப் பற்றிச் சொல்லியிருந்தால் போதுமே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நானும் அத்தத்தான் கேட்டேன். சண்ட கூட போட்டேன். நமக்குள்ள இருக்கட்டும்னு நான்தான சொன்னேன், அந்தப் பேச்ச நானே எப்பிடி மீர்றதுன்னுச்சு. சார் வந்து சொல்லுவாரு, கோவம் எறங்கினா அவரே வந்து சொல்லுவாருன்னுச்சு." எழுந்து, காற்றில் புரண்ட வேதாகமத்தின் பக்கத்தைச் சரிசெய்தார். "ரெண்டு மூணு வருசம் எதிர்பாத்துக்கினு இருந்துச்சு சார். அப்பறம் அந்தப் பேச்சயே உட்டுடுச்சு."

திரும்பும் வழியில் ரயில் எப்போது வந்தது, எப்போது ஏறினேன் என்று எனக்கு நினைவில்லை. அன்று அறையில் நாற்காலியைத் திருப்பிப்போட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அது எதற்கென்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நான் சொல்ல வந்ததை அவர் அறிந்திருந்தார். பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது என்று நான் சொன்னதும், "சரி சார், மாத்திடறேன்" என்றார். மாற்றியும் கொடுத்தார்.

நேற்று தொழிற்சாலைக்குப் போய் ஒரு கடிதம் கொடுத்தேன். எஸ்தரைப் பற்றி நான் முன்பு எழுதிய புகார் பொய், அன்று மென்பொருளில் பிழை இல்லை, பிழை என் கையில் இருந்தது, அவர் வேலையில் குறையே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்த இளம் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஆள் இல்லாதபோது இதனால் என்ன பயன் சார் என்று கேட்டார். அவருடைய கோப்பில் என் பழைய கடிதத்துக்கு மேலே இதை வையுங்கள், வேறொன்றும் கேட்கவில்லை என்றேன். அவர் கோப்பை எடுத்துவர, என் கண்ணெதிரே வைத்தோம். எஸ்தர் தன் விளக்கமாக எழுதிக் கொடுத்திருந்த தாளும் அதில் இருந்தது. 'இயந்திரம் சரிபார்க்கப்பட்டது, இப்போது ஓடுகிறது' என்று ஒரே வரி. என் பெயர் அதில் எங்கும் இல்லை.

நண்பர்களே, இந்தக் கட்டுரையை ஏழுமலை வாசிப்பதாகத்தான் ஏற்பாடு. வேண்டாம், நானே வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எஸ்தரிடமிருந்து உங்களில் ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒன்று கிடைத்திருக்கும். சிலருக்குக் கணினி பிடிபட்டது, ஒருவருக்குக் கை மிஞ்சியது. எனக்குக் கிடைத்தது அவர் காத்திருந்த அந்த இரண்டு மூன்று வருடம். நான் நல்லவனாக இருப்பேன் என்று ஒருவர் நம்பிய காலம் அது. அதில் ஏதாவது ஒரு நாள் நான் போயிருக்கலாம். போகவில்லை, எஸ்தர்.